செலவுக் குறைப்பும் கடைமடைக் குடும்பங்களும்

வெள்ளகோவில் வட்டாரத்து விவசாயிக்குக் கடைமடை என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத் திட்டத்தின் கால்வாய் மேற்கே மலையடிவாரத்தில் தொடங்கிப் பல ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய கடைசியாகவே நம் பகுதியை வந்தடைகிறது. ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்து நீர் விடுகிறார்கள். தலை மதகில் ஒரு சாண் நீர் குறைந்தால் தலைமடைக்காரர் தோட்டத்தில் அதன் அடையாளமே தெரிவதில்லை. இடைமடையில் ஒரு நனைப்புக் குறையும். கடைமடையிலோ வாய்க்கால் காய்ந்து கிடக்கும். குறைத்தது ஒரு சாண்தான். நம்மவர் இழந்தது ஒரு முறைத் தண்ணீர் முழுவதும்.

சர்க்காரின் வரவு செலவுத் திட்டமும் இவ்விதமான ஒரு வாய்க்காலே. டில்லியிலும் சென்னையிலும் நூற்றுக்குச் சில ரூபாய் செலவைக் குறைத்ததாகப் பத்திரிகையில் படிக்கிறோம். அச்செய்தியில் எவருடைய பெயரும் இருப்பதில்லை. ஆனால் அந்தக் குறைப்பு தாலுக்கா, ஊராட்சி, சங்கம் என்று இறங்கி வந்து, கடைசியில் ஒரு குறிப்பிட்ட வீட்டுத் திண்ணையில் வந்து நிற்கிறது. அது எவ்விதம் வருகிறது, எந்த வாசல் வழியாக வருகிறது, வரும்போது நம் சங்கங்கள் செய்யக் கூடியது யாது என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கனம் குற்றமா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிக்கனம் குற்றமன்று. வரவுக்கு மேல் செலவிடும் சங்கம் நெடுநாள் நிலைக்காது என்று தணிக்கைக்குச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் நாமே எழுதி வைக்கிறோம். அரசாங்கத்துக்கும் அந்த நியதி பொருந்தும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடனைக் குடும்பத்துக்கு ஏறத்தாழ ரூ.2.63 லட்சம் என்று கணக்கிட்டுக் காட்டிற்று. மத்திய அரசும் நம் மாநில அரசும் 2003ஆம் ஆண்டிலேயே பற்றாக்குறைக்கு வரம்பு கட்டும் சட்டங்களை இயற்றிக்கொண்டன. கடனுக்கு வட்டி, ஊழியர் சம்பளம், ஓய்வூதியம் ஆகிய மூன்றும் தள்ளிப் போட முடியாத செலவினங்கள். ஆகவே வரவு குறையும் காலத்தில் கத்தி எங்கே விழும்? தள்ளிப் போடக் கூடிய இனங்களில்தான் விழும். மான்யம், உதவித் தொகை, பராமரிப்பு, புதிய பணியிடம் ஆகியவை அத்தகையவை. கேட்பாரற்ற இனம் எதுவோ அதுவே முதலில் வெட்டப்படும்.

கேட்பாரற்றவர் யார்? 2019–20இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் கைத்தறித் தொழிலில் உள்ளோர் சுமார் 35 லட்சம் பேர். 1995இல் இவர்கள் 65 லட்சமாக இருந்தனர். 2009–10இல் 43 லட்சமாயினர். இன்று எஞ்சியோரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் ரூ.5,000க்கும் குறைவாக ஈட்டுவன. கடைமடை என்று நாம் குறிப்பிடுவது இவர்களையும், தோட்டங்களில் கூலிக்குச் செல்லும் குடும்பங்களையும், தார் சுற்றியே காலம் தள்ளும் முதியோரையுமே.

செலவுக் குறைப்பு இவர்களை நான்கு வாசல்கள் வழியாக வந்தடைகிறது. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வாசல்: வெளிப்படையான வெட்டு

ஓர் உதவியை இன்று முதல் இல்லை என்று அறிவிப்பது முதல் வகை. நம் கொங்கு நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 1970ஆம் ஆண்டில் பாசன மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சில காசுகள் உயர்த்தியதை எதிர்த்து விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிர் துறந்தனர். அவ்வியக்கத்தின் வழியாகவே நாராயணசாமி நாயுடு விவசாயிகளின் தலைவராக உருவெடுத்தார். பின்னர் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது.

2003இல் நிதி நெருக்கடியைக் காரணமாகக் காட்டி அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. சிறு, குறு விவசாயிகளுக்கு ரொக்கமாக ஈடு தரப்படும் என்று கூறப்பட்டது. அப்போது கிணறுகள் வறண்ட காலம். நீரே இல்லாத கிணற்றுக்கு மின் கட்டணம் வந்தது. 2004 மே மாதத்தில், நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வெளியான சில தினங்களில், இலவச மின்சாரம் மீண்டும் அளிக்கப்பட்டது. வெளிப்படையான வெட்டின் இயல்பை இதில் காணலாம். அது வலி மிகுந்தது. ஆயினும் எல்லோரும் ஒருங்கே உணர்வதால் எல்லோரும் ஒருங்கே பேசுகிறார்கள். திருத்தத்துக்கு வழி பிறக்கிறது.

எல்லா வெளிப்படையான வெட்டும் இவ்வாறு கவனிக்கப்படுவதில்லை. அகில இந்தியக் கைத்தறி வாரியம் 2020 ஜூலை 27ஆம் நாள் கலைக்கப்பட்டது. தேசியக் கைத்தறி நாளாகிய ஆகஸ்ட் 7 வருவதற்குப் பதினோரு நாட்கள் முன்பு அது நிகழ்ந்தது. அரசாங்க அமைப்புகளைச் சுருக்குவதே நோக்கமென்று காரணம் கூறப்பட்டது. வாரியம் ஆலோசனை கூறும் அமைப்பே. அதைக் கலைத்ததால் மிச்சமான பணம் சொற்பம். ஆனால் தறியில் அமர்ந்தவனின் குறையை டில்லியில் எடுத்துரைக்க இருந்த ஓர் ஆசனம் போயிற்று. பணத்தைக் குறைப்பதற்கு முன் குரலைக் குறைத்துவிட்டால், பின்னர் வரும் குறைப்புகளை யார் எடுத்துச் சொல்வது?

இரண்டாம் வாசல்: சொல்லாமல் தேய்வது

இரண்டாவது வகையில் எவரும் எதையும் நிறுத்துவதில்லை. தொகையை உயர்த்தாமல் இருந்துவிடுகிறார்கள். விலைவாசி ஏற ஏற, தொகை தானாகவே தேய்கிறது.

தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 1995இல் மாதம் ரூ.75 என்று தொடங்கிற்று. 2006 முதல் அது ரூ.200. எண்பது வயது கடந்தோருக்கு 2011 முதல் ரூ.500. அன்று நிர்ணயித்த ரூ.200 இன்றும் ரூ.200தான். இதற்கிடையில் விலைவாசி ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது. அதாவது அந்த இருநூறு ரூபாய் இன்று வாங்கும் பண்டம், 2006இல் எழுபது ரூபாய்க்குள் வாங்கிய பண்டமே. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் முதியோர் ஓய்வூதியம் மூன்றில் ஒரு பங்காக வெட்டப்படுகிறது என்று ஒரு வரி எழுதப்படவில்லை. எழுதாமலே அது நடந்தேறிவிட்டது.

நம் மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து 2011இல் ரூ.1,000 ஆக்கிற்று, 2023இல் ரூ.1,200 ஆக உயர்த்திற்று. இது பாராட்டுக்குரியது. எனினும் பன்னிரண்டு ஆண்டுகளில் உயர்ந்தது இருநூறு ரூபாய் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்விரு வாசல்களுக்கும் உள்ள வேறுபாட்டை இலங்கைச் சரித்திரம் தெளிவாகக் காட்டுகிறது. 1953இல் அந்நாட்டு அரசு அரிசி மான்யத்தை வெட்டி, பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று; பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்திற்று. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. உயிர்ச் சேதமும் நேர்ந்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அதே நாட்டில் 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரைகள் வழங்கப்பட்டன. முத்திரையின் மதிப்பு ரூபாயில் நிலையாக அச்சிடப்பட்டிருந்தது. விலைகள் ஏறின, சில ஆண்டுகளிலேயே அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாயிற்று. 1953ஐப் போன்ற கொந்தளிப்பு ஏதும் எழவில்லை. ஏழையின் சோற்றில் கைவைத்தது இரண்டு முறையும் ஒன்றே. முதல் முறை சத்தம் கேட்டது. இரண்டாம் முறை கேட்கவில்லை.

மூன்றாம் வாசல்: தாமதமும் சுமை மாற்றமும்

உதவி உண்டு, தொகையும் உண்டு, ஆனால் உரிய நாளில் வருவதில்லை என்பது மூன்றாவது வகை. கூலிக்காரன் வீட்டில் பதினைந்து நாள் தாமதம் என்பது பதினைந்து நாள் கடனாகும். கடன் என்றால் வட்டியாகும்.

2005ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்துவந்த நூறு நாள் வேலைத் திட்டம் வெள்ளகோவில் நகராட்சி எல்லைக்குள் இல்லை. சுற்றுக் கிராமங்களில் வறட்சிக் காலத்தில் அதுவே பிடிமானம். நோய்த்தொற்று ஆண்டாகிய 2020–21இல் மத்திய அரசு இதற்குச் செலவிட்டது ரூ.1,11,000 கோடிக்கும் மேல். 2023–24 வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கியது ரூ.60,000 கோடி. ஆண்டின் இடையில் பணம் தீர்ந்தால் கூலி நிலுவையாகும். 2025 ஜனவரியில் தமிழக முதலமைச்சர், நம் மாநிலத் தொழிலாளர்க்குச் சேர வேண்டிய கூலி நிலுவை ரூ.1,056 கோடியை விடுவிக்குமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பதினைந்து நாட்களுக்குள் கூலி தர வேண்டுமென்பது சட்டம். சட்டம் ஒரு பக்கம் இருந்தது; பணம் மற்றொரு பக்கம் இருந்தது; மண்வெட்டி பிடித்தவர்கள் நடுவில் மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அச்சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்றை இயற்றியது. வேலை நாட்கள் 125 என்று அதில் உயர்த்தப்பட்டுள்ளது. ஆனால் முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசே ஏற்றிருந்தது. புதிய சட்டத்தில் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கை ஏற்க வேண்டும். இது சுமை மாற்றம். மேலேயுள்ள ஏட்டில் செலவு குறைகிறது. கீழேயுள்ள ஏட்டில் அது ஏறுகிறது. கீழேயுள்ளவரிடம் பணம் இல்லாவிடில் நூற்றிருபத்தைந்து நாள் என்பது தாளில் உள்ள எண்ணாகவே நின்றுவிடக் கூடும். அப்படி நேராமல் காப்பது இரு அரசுகளின் கடமை. கவனித்து வருவது நம் கடமை.

நம் நெசவாளர் சங்கங்களும் இந்த வாசலை நன்கு அறிந்தவை. தள்ளுபடி மான்யத்தை எதிர்பார்த்துச் சங்கம் துணியைக் குறைத்து விற்கிறது. மான்யம் வந்து சேரும்வரை அத்தொகை சங்கத்தின் நடைமுறை மூலதனத்திலிருந்தே போகிறது. மூலதனம் முடங்கினால் நூல் வாங்க முடியாது. நூல் இல்லையேல் பாவு இல்லை. பாவு இல்லையேல் அந்த வாரக் கூலி இல்லை.

நான்காம் வாசல்: வாசலையே சிறிதாக்குவது

நான்காவது வகையில் உதவியும் இருக்கும், தொகையும் இருக்கும். அதைப் பெறுவோர் பட்டியல் மட்டும் சுருங்கும்.

1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, தமிழகம் எல்லோருக்கும் அரிசி என்ற முறையைக் கைவிடவில்லை. இடையில் மாதம் ரூ.5,000க்கு மேல் வருமானமுள்ளோர்க்குப் பங்கீட்டு அரிசி இல்லையென்று தனி அட்டை வழங்கப்பட்டு, அதுவும் 2004 மே மாதத்தில் கைவிடப்பட்டது. வசதியுள்ளவரை நீக்குவது நியாயமே என்று தோன்றும். ஆனால் நீக்குவதற்கென்று ஒரு வாசலைச் சிறிதாக்கினால், முட்டிக்கொள்பவர் எப்போதும் கூன் விழுந்தவரே.

மருத்துவத்திலும் இதுவே நடந்தது. 2005இல் கைத்தறி நெசவாளர்க்கென்று தனியே ஒரு சுகாதாரக் காப்பீடு தொடங்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.15,000, அதில் ரூ.7,500 வரை, மருத்துவமனையில் படுக்காமலே பெறும் வெளிநோயாளர் சிகிச்சைக்கு. பின்னர் அத்தனித் திட்டம் முடிவுற்றது. இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், மத்தியத் திட்டத்துடன் சேர்ந்து, ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை வழி உண்டு. பெருநோய் கண்டவர்க்கு இது பெரும் வரம். ஆனால் இது மருத்துவமனையில் சேர்ந்தவர்க்கே. தறிக்காரனின் நோய் எவை? முதுகு வலி, மூட்டு வலி, கண் மங்கல், பஞ்சுத் தூசியால் வரும் இருமல். இவற்றில் எதற்கும் எவரும் கட்டிலில் படுப்பதில்லை. மருந்துக் கடையில் கைக்காசு கொடுத்து வாங்கி விழுங்கிவிட்டு மறுபடி தறிக்குழியில் இறங்குகிறார்கள். தொகை பெருகிற்று, அன்றாட நோய்க்கு இருந்த வாசல் அடைபட்டது.

மற்றொரு வாசலையும் நேரில் கண்டோம். நம் சரகத்துச் சங்கம் ஒன்றில் தணிக்கையில் இருந்தபோது, தார் சுற்றும் மூதாட்டி ஒருவர் வந்து நின்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இராட்டையில் நூல் பிடித்த விரல்கள். ஓய்வூதியத் தொகை மூன்று மாதமாகக் கைக்கு வரவில்லை. கைரேகை பதியும் கருவி அவர் விரலை ஏற்கவில்லையாம்.

"ஏனுங்க சாமி, ரேகை தேஞ்சது என்ற குத்தமாங்க?" என்று கேட்டார்.

நம்மிடம் உடனே பதில் இல்லை. உழைத்துத் தேய்ந்த விரலே உழைத்ததற்குச் சாட்சி. அந்தச் சாட்சியையே காரணமாக்கி உதவி நின்றது. சங்கச் செயலாளர் அவரை அழைத்துச் சென்று, கண் பாவை மூலம் பதிவு செய்யவும், கைப்பேசி எண்ணைச் சேர்க்கவும் ஏற்பாடு செய்தார். நிலுவையோடு தொகை கிடைத்தது. அந்தச் செயலாளர் செலவிட்டது அரை நாள். ஆனால் அவ்வாறு அழைத்துச் செல்ல ஒருவர் இல்லாத முதியோர் எத்தனை பேர்? சர்க்கார் அலுவலகங்களில் பணியிடம் காலியாக விடப்படும்போது குறைவது சம்பளச் செலவு மட்டுமன்று. இப்படி அழைத்துச் செல்லும் கைகளும் குறைகின்றன.

மறுபக்கம்

எல்லாமே குறைந்துவருகிறது என்று எழுதினால் அது உண்மையாகாது. 2023 மார்ச்சு முதல் கைத்தறிக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட்டும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் கட்டணமின்றி மின்சாரம் என்று தமிழக அரசு உயர்த்திற்று. 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் இன்றும் கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வேலை தருகிறது. ஏழையின் உடைக்காகச் செலவிடும் பணமே தறிக்காரனுக்குக் கூலியாகிறது. அதே காரணத்தால், அத்தகைய செலவைக் குறைக்கும்போது ஒரு குறைப்பில் இரு வீடுகள் பாதிக்கப்படுகின்றன. கூலி குறைந்த வீடு கடையில் வாங்குவது குறையும். விவசாயியின் விளைபொருளுக்குச் சந்தை குறையும். நெசவாளரும் விவசாயியும் ஒரே ஏட்டில் எழுதப்படும் இரு பெயர்கள் என்று நாம் கூறுவது இதனாலேயே.

நம் சங்கங்கள் செய்யக் கூடியவை

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சங்கம் செய்துவிட முடியாது. கூட்டுறவு என்பது சர்க்காரின் பொறுப்பை ஏழைகளின் தோளில் மாற்றி வைக்கும் உபாயமன்று. எனினும் கடைமடையில் நிற்பவன் வாய்க்காலைத் தூர்வாரி வைத்திருந்தால், வருகிற நீராவது வீணாகாது. அதற்குச் சில யோசனைகள்:

(1) மான்யக் கோரிக்கைகளை உரிய காலத்தில், உரிய ஆதாரங்களுடன் அனுப்புக. தாமதத்துக்கு மேலே உள்ளவரை மட்டுமே குறை கூறுகிறோம். கோரிக்கைப் பட்டியல் நம் அலமாரியிலேயே இரண்டு மாதம் தூங்கிய சங்கங்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

(2) அறுபது வயது கடந்தோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகிய அங்கத்தினரின் பட்டியல் ஒன்றைச் சங்கத்தில் வைத்திருங்கள். ஓய்வூதியம் வருகிறதா என்று மாதம் ஒருமுறை விசாரித்துப் பட்டியலில் குறியுங்கள். நின்றுபோன மாதமே தெரிந்தால் திருத்துவது எளிது.

(3) நிலையான தொகையாக உள்ள ஒவ்வோர் உதவிக்கும், அது நிர்ணயிக்கப்பட்ட ஆண்டையும் அருகில் எழுதி அறிவிப்புப் பலகையில் இடுங்கள். "ரூ.200 – 2006" என்று எழுதிப் பார்த்தால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும்.

(4) இலாபம் வந்த ஆண்டில் பங்கு ஈவை அதிகமாக்கும்படி வற்புறுத்தாமல் சேம நிதியை வலுப்படுத்துங்கள். மான்யம் தாமதமாகும் மாதத்தில் நூல் வாங்கித் தருவது அந்த நிதியே. சிக்கன சேமிப்புத் திட்டத்தில் கூலியில் பிடிக்கும் தொகையையும் இடைவிடாது செலுத்தி வாருங்கள். சர்க்கார் தரும் பங்கு அதனோடு இணைந்தது.

(5) மனுக் கொடுக்கும்போது தனித்தனியே கொடுக்காதீர்கள். பொதுப் பேரவையில் தீர்மானம் நிறைவேற்றி, தேதியும் தொகையும் குறிப்பிட்டு அனுப்புங்கள். கிராமங்களில் கிராம சபை உண்டு. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. "எங்கள் கோரிக்கை எந்த அலுவலகத்தில், எந்த நாள் முதல் உள்ளது?" என்ற ஒரு வரிக் கேள்வி, பத்துப் பக்கப் புலம்பலைவிடப் பலன் தரும்.

இக்கட்டுரையில் நாம் குறிப்பிட்ட நான்கு வாசல்களில் முதலாவதே ஓசையுடன் திறப்பது. ஏனைய மூன்றும் ஓசையின்றித் திறந்து மூடுபவை. ஓசை கேட்டபின் எழுவோம் என்று காத்திருந்தால் கடைமடைக் குடும்பத்துக்கு உதவ முடியாது. வரவு செலவுத் திட்டம் வெளியாகும் நாளில் எது நிறுத்தப்பட்டது என்று மட்டும் பார்க்காமல், எது உயர்த்தப்படவில்லை, எது யாருடைய தலையில் மாற்றப்பட்டது, யாருடைய பெயர் விட்டுப்போயிற்று என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு சங்கமும் கேட்டுப் பழக வேண்டும்.

அந்த மூதாட்டி இப்போது மாதந்தோறும் முதல் வாரத்தில் சங்கத்துக்கு வந்து, பட்டியலில் தம் பெயருக்கு எதிரே குறி இட்டிருக்கிறதா என்று விசாரித்துச் செல்கிறாராம். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆயினும் தம் பெயர் எந்த வரியில் உள்ளதென்று அறிவார். நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் தம் வரி எங்கே உள்ளதென்று அவ்வாறே அறிந்திருத்தல் வேண்டும்.